மாமாவின் கழுத்தும் நான் போகாத கல்லூரியும்

ஒருவருடைய கழுத்தைத் திருப்புவது மிகவும் சுலபம். அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரத்தான் வருடக்கணக்கில் படிக்க வேண்டியிருக்கிறது. இந்த உண்மையை நான் படிக்கப் போவதற்கு முன்பாகவே கண்டுபிடித்துவிட்டேன். அதுவும் மலேசியாவில் மெர்லிமா என்ற சிற்றூரில், சொந்தத் தாய்மாமன் மீது, அவர் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. ஓர் அறக்கட்டளையின் புண்ணியத்தில் அமெரிக்காவில் உயிரியல் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, மலாக்காவில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் இருந்தது. (கொஞ்சம் என்பது நான் சொல்வது. அம்மாவைக் கேட்டால் வேறு அளவு சொல்வார்.)

அமெரிக்காவில் இருந்தபோதே பல மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்திருந்தேன். பெயர் பெற்ற கல்லூரிகள் எல்லாம் மிக மரியாதையாக வருத்தம் தெரிவித்தன. ஒன்றே ஒன்று மட்டும் ‘வா’ என்றது. சுற்றிலும் சோளக்காடு, நடுவில் நாலைந்து கட்டடம், அவ்வளவுதான் கல்லூரி. ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி. அமெரிக்காவில் எம்.டி. என்றொரு வகை டாக்டர், டி.ஓ. என்றொரு வகை டாக்டர் உண்டு. இரண்டு பேரும் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். டி.ஓ. படிக்கிறவர்களுக்குக் கூடுதலாக, எலும்பையும் தசையையும் கையால் தொட்டுச் சரிசெய்யும் பயிற்சியும் கொடுப்பார்கள். இதை நான் வீட்டில் ஒரு மணி நேரம் விளக்கினேன். எல்லார் காதிலும் கடைசி வாக்கியம் மட்டும் விழுந்தது.

“அப்ப உருட் மாதிரியா?” என்று கேட்டார் அம்மா. (கிராமத்தில் தைலம் போட்டு உடம்பு பிடித்துவிடுவதை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள்.)

“உருட் இல்லம்மா. டாக்டர்.”

“டாக்டர்னா ஊசி போடுவாங்க. எலும்ப அமுக்கறவங்கள எவன் லா டாக்டர்னு கூப்புடுவான்?” (‘லா’ என்பது எங்கள் ஊர்ப் பேச்சில் சும்மா வந்து ஒட்டிக்கொள்ளும் அசை.)

இதைக்கூடச் சமாளித்திருப்பேன். ஆனால் என் பிறப்பே எனக்கு எதிராக நின்றது. நான் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு போய்விடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. நான் நடக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எங்கள் தாமான் குடியிருப்பில் யாருக்கு இடுப்புப் பிடித்தாலும் எங்கள் வீட்டு வாசலில் வந்து குப்புறப் படுத்துவிடுவார்கள். பள்ளிச் சீருடையோடு நான் ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். ஆகவே சொந்தக்காரர்களின் பார்வையில் விஷயம் மிக எளிமையானது. இந்தப் பெண்ணுக்குப் பிறவியிலேயே இலவசமாக வந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள, இவள் லட்சக்கணக்கில் செலவழித்து அமெரிக்கா போகப் போகிறாளாம்!

முடிவு எடுக்க வேண்டியவர் பெரிய மாமா. அம்மாவின் அண்ணன், மெர்லிமாவில் டயர் கடை வைத்திருந்தார். படிப்புக் கடனுக்கு வங்கி ஜாமீன் கேட்டது. எங்கள் குடும்பத்தில் ஜாமீனாகக் காட்டக்கூடியது அவருடைய கடைக் கட்டடம் ஒன்றுதான். மாமா கையெழுத்துப் போட்டால் நான் டாக்டர், போடாவிட்டால் ரத்தப் பரிசோதனைக் குழாய்களுக்கு லேபிள் ஒட்டுகிறவள். கல்லூரிக்குப் பதில் சொல்ல வேண்டிய கெடுவும் அடுத்த வாரத்தோடு முடிந்தது.

மாமா முட்டாள் இல்லை. “பேரே யாரும் கேள்விப்படல லா. முடிச்சிட்டுத் திரும்பி வந்தா இங்க வேல செய்ய விடுவானா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானும் விசாரித்தேன். ஓர் அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கேட்கச் சொன்னது, அது முதல் அலுவலகத்தைக் கேட்கச் சொன்னது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வயதா அது? குரலை உயர்த்திப் பேசினேன்.

கடைசியில் மாமாவே ஒரு வழி சொன்னார். மலாக்கா பக்கம் தெங்கேராவில் ஜெயசிங்கம் என்று ஒரு டாக்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வருடக்கணக்காக மாமாவிடம்தான் கார் டயர் மாற்றுவார். “அவரு ஒரு வார்த்த சொல்லட்டும். நான் சைன் போடுறேன்” என்றார் மாமா. மகள் மல்லிகாவின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் டாக்டரைச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்.

அன்று மாமா வீட்டு வாசலில் கூடாரம் போட்டாகிவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லாம் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து, நான் கொடுத்த கல்லூரித் தகவல்களைப் பொறுமையாகப் படித்தார்.

“இந்தப் பேரை நான் கேள்விப்படேல்ல” என்றார். “ஆனா நான் கேள்விப்படாததெல்லாம் கூடாதெண்டு சொல்ல ஏலாதுதானே. அங்க டி.ஓ. எண்டா முழு டாக்டர்தான். திரும்பி வாறதெண்டா என்ன செய்யவேணுமெண்டு மட்டும் வடிவா விசாரிக்கவேணும். மற்றபடி பிள்ளை போகலாம்.”

மாமா தலையை ஆட்டினார். கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அந்த இடத்தில் நான் எழுந்து போய் நாலு வெங்காயம் உரித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

அத்தைதான் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். “என்னாத்துக்கு டாக்டரு இவ்ளோ செலவு? நம்ம கலா ஒரு மிதி மிதிச்சா போயிடுமே!”

கூடாரமே சிரித்தது. டாக்டரும் புன்னகைத்தார். அந்தப் புன்னகைதான் என்னைக் கெடுத்தது. நான்கு வருடம் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவளை ஒரு நிஜ டாக்டர் முன்னால் சுளுக்கு மிதிக்கிறவள் என்று சொன்னால் ரோஷம் வராதா?

“அது வேற, இது வேற அத்த. இது விஞ்ஞானம். வேணும்னா காட்டுறேன்” என்றேன்.

“எங்க, காட்டு பாப்போம்” என்றார் மாமா. லாரி டயர் தூக்கித் தூக்கி அவருக்குக் கழுத்தில் எப்போதும் ஒரு பிடிப்பு உண்டு. நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, சட்டைக் காலரைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

எனக்கு இருந்த மொத்தப் பயிற்சி, மடிக்கணினியில் பார்த்த சில காணொளிகள். அவற்றில் வருகிற வெள்ளைக்காரர் நோயாளியின் தாடையில் ஒரு கை, பிடரியில் ஒரு கை வைத்து, சட்டென்று ஒரு திருப்பு திருப்புவார். ‘க்ளக்’ என்று ஒரு சத்தம் வரும். நோயாளி ஆனந்தமாகச் சிரிப்பார். நானும் தாடையில் ஒரு கை, பிடரியில் ஒரு கை வைத்தேன்.

“பிள்ளை! பொறு, பொறு!” என்று டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

சத்தம் வந்தது. சிரிப்பு வரவில்லை. மாமா “ஆ” என்று ஒரே ஒரு எழுத்துச் சொன்னார். அவர் முகம் இடது தோளுக்கு மேலாகத் திரும்பி, பிரியாணிச் சட்டிகளைப் பார்த்தபடி அங்கேயே நின்றுவிட்டது.

டாக்டர் ஓடி வந்து தொட்டுப் பார்த்தார், கை விரல்களை அசைக்கச் சொன்னார், மாமாவைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்துக் கூட்டிவந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை, தசை இறுகிவிட்டது, சில நாளில் இளகும் என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கழுத்து நரம்பிலும் ரத்தக் குழாயிலும் விளையாடினால் என்னவெல்லாம் ஆகும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அத்தைக்கு வைத்தியத்தைவிட மறுநாள் விசேஷம்தான் கவலை. “கையால செஞ்சத காலால எடுத்துடு” என்று பாயை விரித்துவிட்டார். வேறு வழியில்லாமல், டாக்டர் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே, நான் மாமாவின் முதுகில் ஏறி மிதித்தேன். டாக்டரின் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. மாமாவால் பார்க்க முடிந்திருக்கும். அவர் தலைதான் அந்தப் பக்கம் திரும்பியிருந்ததே.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வலது பக்கம் உட்கார்ந்தார்கள். பெண்ணின் தகப்பன் அவர்களைத் திரும்பியே பார்க்காமல் இடது பக்கத்தில் சமையல்காரரை முறைத்துக்கொண்டிருந்தார். “சம்மந்திக்கு நம்ம மேல எதும் கோவமா?” என்று மாப்பிள்ளையின் அம்மா காதோடு காதாகக் கேட்டது கூடாரம் முழுக்கக் கேட்டது. அத்தை உடனே, திசை சரியில்லை, இடம் மாறி உட்காருங்கள் என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரையும் தட்டுகளோடு எழுப்பி இடது பக்கத்துக்கு மாற்றினார். அப்போதும் தட்டு வாங்கும் நேரத்தில் புகைப்படக்காரர் விடவில்லை. “அங்கிள், இங்க பாருங்க அங்கிள்” என்று கெஞ்சினார். மாமா இடுப்போடு திரும்பினார். தட்டில் இருந்த ஆரஞ்சுப் பழங்கள் உருண்டோடின.

அதற்குமேல் மறைக்க முடியாமல் அம்மா உண்மையைச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். “அந்த டாக்டரம்மா எங்க, கூப்புடுங்க, பாக்கணும்” என்றார் மாப்பிள்ளை. டாக்டரம்மா அடுப்படியில், வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அன்றைக்கு எனக்கு வைத்த ‘கழுத்து டாக்டர்’ என்ற பெயர் இன்றும் மாறவில்லை. விசேஷங்களில் நான் பந்திக்கு வந்தால் மாமன் மச்சான்கள் எல்லாம் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

இந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் மாமாதான் மிக நன்றாகச் சொல்வார். ‘ஆ’ என்று நடித்தே காட்டுவார். கடைசியில் எப்போதும் ஒரே முடிவுதான். கழுத்து போன கோபத்தில் மாமா கையெழுத்துப் போடவில்லை, அதனால் கலா டாக்டராகவில்லை.

நடந்தது அது இல்லை.

நிச்சயதார்த்தம் முடிந்த இரண்டு நாள் கழித்து மாமா என்னைக் கடைக்கு வரச்சொன்னார். கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு டயர் அடுக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“பேங்க் பேப்பர கொண்டா. சைன் போடுறேன். அர கொறையா தெரிஞ்சா இப்படித்தான் ஆகும். நீ போயி ஒழுங்கா கத்துக்கிட்டு வா” என்றார்.

நான், “வேணாம் மாமா” என்றேன்.

ஏன் என்று கேட்டார். பேர் தெரியாத கல்லூரி, கடன் அதிகம், திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று தெரியாது என்று அடுக்கினேன். அதுவரை ஒரு மாதமாக நான் எதிர்த்து வாதாடிய அத்தனையும் என் வாயிலிருந்தே வந்தது. உண்மையில் அந்தக் கல்லூரி நல்லதா கெட்டதா என்று நான் அப்போது யோசிக்கவே இல்லை. டாக்டர் அடுக்கிச் சொன்னதுதான் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. அங்கே போய் இன்னொரு கழுத்தில் கை வைக்க வேண்டும் என்று நினைத்தாலே பயமாக இருந்தது. அதைவிட, ‘கழுத்து டாக்டர் அமெரிக்கா போறாளாம்’ என்று நாலு பேர் சிரிப்பார்களே என்ற வெட்கம். மாமா வற்புறுத்தவில்லை. “சரி லா, டீ குடிச்சிட்டுப் போ” என்றார்.

கெடு முடிந்தது. வேறு யாரோ அந்த இடத்தில் சேர்ந்திருப்பார்கள். சில வருடங்களுக்கு முன் டாக்டர் ஜெயசிங்கம் ரத்தப் பரிசோதனைக்கு எங்கள் கூடத்துக்கு வந்தார். மிகவும் தளர்ந்திருந்தார். நான்தான் ஊசி குத்தினேன். அமெரிக்காவில் இருக்கும் தன் மகளின் குடும்ப டாக்டர், நான் போகாமல் விட்ட அதே கல்லூரியில் படித்தவராம். “நல்ல டாக்டர், பிள்ளை. ஆறுதலா இருந்து கேட்பாவாம்” என்றார். நான் குழாயில் அவர் பெயர் லேபிளை ஒட்டினேன். கோணலாகப் போய்விட்டது, பிய்த்துவிட்டு இன்னொன்று ஒட்டினேன்.

மாமா தன்னைக் கோபக்காரராகவும் பயந்தாங்கொள்ளியாகவும் ஆக்கிக்கொண்டு ஊர் ஊராக அந்தக் கதையைச் சொன்னது எனக்காகத்தான் என்று புரிய எனக்கு ரொம்ப காலம் ஆனது. அவர் அப்படிச் சொன்னதால்தான் ‘நீ ஏன் போகவில்லை’ என்று என்னை யாரும் கேட்டதில்லை.

போன வருடம் மல்லிகாவின் புதுவீட்டு விசேஷம். பந்தியில் மாமாவுக்கு எதிரே நான். குடும்பத்துக்குப் புதிதாக வந்த மருமகள் ஒருத்தி கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “அதுக்காக சைன் பண்ணாம விட்டுட்டீங்களா அங்கிள்? பாவம் லா அக்கா” என்றாள்.

“பின்ன? டயர்னா ஸ்பேர் இருக்கு. கழுத்துக்கு ஸ்பேர் இருக்கா?” என்றார் மாமா. பந்தி அதிர்ந்தது.

எனக்கு அன்றைக்கு என்னவோ தாங்கவில்லை. “மாமா சைன் பண்றேன்னுதான் சொன்னாரு” என்றேன். “நான்தான் வேணாம்னுட்டேன். பயந்துட்டேன்.”

உடனே அத்தை, “பாத்தியா, இன்னிக்கும் மாமன விட்டுக்குடுக்க மாட்டா!” என்றார். எல்லாரும் முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்கள். அந்தப் புது மருமகள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. தன் இலையைப் பார்த்தபடி, “சாப்புடு லா. சோறு ஆறுது” என்றார்.