கம்பவுண்டரின் ஊதா புரோக்கோலி

சேர்வராயன் மலையில் காட்டெருமையை ‘வாங்க, போங்க’ என்று அழைத்த ஒரே மனிதர் எங்கள் கம்பவுண்டர்தான். காட்டெருமையும் அவரிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டது. ஒரே ஒரு தடவை தவிர. அந்தத் தடவை அவர் ஊரில் இல்லை, நான் இருந்தேன்.

ஏற்காட்டில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்து நான் மலையேறியபோது, மஞ்சக்குட்டையில் அவர் வீட்டின் பின்பகுதிதான் வாடகைக்குக் கிடைத்தது. எஸ்டேட் மருந்தகத்தில் ஆயுசில் பாதியை மருந்து கலக்கியே கழித்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகளும் இல்லை. அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். சர்ச்சில் ஃபாதர்கூட ‘கம்பவுண்டர்’ என்றுதான் கூப்பிடுவார்.

ஓய்வு பெற்றதும் அவருக்குப் புரோக்கோலிப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. பெரிய பச்சைத் தலை வைக்கிற வகை, வெட்ட வெட்டப் பக்கத்தில் குருத்து விடுகிற வகை, குட்டிக் கோபுரங்களை அடுக்கியது போன்ற இளம்பச்சை வகை என்று விதைப் பொட்டலங்களாக வரவழைத்தார். எல்லாவற்றுக்கும் மேலே ஊதா. நாற்றாகவே வாங்கி நட்டுவிடலாமே என்று தெரியாமல் கேட்டுவிட்டேன்.

“நாத்து வாங்கறது வளந்த புள்ளையத் தத்தெடுக்கற மாதிரிங்க டீச்சர். தப்புன்னு சொல்லலைங்க. ஆனா அதோட மொத அழுகை நமக்குக் கேக்காதில்லைங்க?”

மருந்து அளக்கிற பிளாஸ்டிக் கோப்பைகளில் விதைத்தார். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, ‘காலை இரண்டு சொட்டு, மாலை இரண்டு சொட்டு’ என்று எழுதினார். ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டரை மண்ணில் செருகி எடுத்து, உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “குளிருதுங்க பாவம்” என்பார்.

அந்த ஆவணியில் மூடுபனி பதினைந்து நாள் நகரவில்லை. ஊதா விதை மட்டும் முளைக்க மறுத்தது. கம்பவுண்டர் யோசித்தார். பத்து விதைகளை ஈரப் பஞ்சில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உடம்புச் சூடு போதுமாம். அதோடு ஒண்டிக்கடை முக்குக்குப் போய் ரொட்டி வாங்கிக்கொண்டு ஷேர் ஜீப்பில் திரும்பினார். எட்டுப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினாறு பேர். நசுங்கிவிடப் போகிறதே என்று இடது நெஞ்சைக் கையால் பொத்திக்கொண்டார். எதிரே பேரிக்காய் மூட்டையோடு இருந்த அம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஏனுங்க, நெஞ்சு வலிக்குதுங்களா?”

“வலியில்லைங்கம்மா. மொளைக்குதுங்க.”

நெஞ்சில் என்னவோ முளைக்கிறது என்று கேட்டதும் ஜீப்பே அலறியது. டிரைவர் வண்டியைத் திருப்பியவர் ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தினார். நாலு பேர் கம்பவுண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நர்ஸ் சட்டைப் பையைப் பிரித்தால், பஞ்சுக்குள் வெள்ளை நூல் நுனிபோல ஏழு வேர்கள். கம்பவுண்டர் டாக்டரிடம் பெருமையாகச் சொன்னாராம்: “பத்துல ஏழு பொழைச்சிருச்சுங்க.”

அந்த ஏழும் தோட்டத்துக்குப் போயின. வெள்ளைப் பட்டாம்பூச்சி வந்து முட்டையிட்டுவிடும், புழு வந்துவிடும் என்று தன் கட்டிலின் கொசுவலையைக் கழற்றி அவற்றுக்குக் கட்டினார். செடிகள் பளபளவென்று இருந்தன. அவர் முகம் தடித்துத் தடித்து, அம்மை போட்டவர்போல் இருந்தது.

ஒரு விடியற்காலை, பனிக்குள்ளிருந்து ஒரு பாறை நகர்ந்து வந்து வேலியோரம் நின்றது. காட்டெருமை. நான் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். கம்பவுண்டர் சால்வையைச் சரிசெய்துகொண்டு, வீட்டுக்கு வந்த பெரிய மனிதரிடம் பேசுவதுபோலப் பேசினார். “ஏனுங்க, இதெல்லாம் கொழந்தைங்க. நீங்க அந்தப் பக்கம் போய் மேஞ்சுக்குங்க சாமி.” அது மூச்சு விட்டது. அந்த ஆவியும் பனியும் கலந்து இருவரும் சற்று நேரம் தெரியாமல் போனார்கள். பனி விலகியபோது கம்பவுண்டர் மட்டும் நின்றிருந்தார்.

மற்ற வகைகளெல்லாம் மூன்று நான்கு மாதத்தில் தலை வைத்தன. தெருவுக்கே பொரியலானது. ஊதா மட்டும் இலையை விரித்துக்கொண்டு சும்மா நின்றது.

“அதுக்கு நொம்ப நாள் குளிரணுங்க டீச்சர். குளிரக் குளிரத்தான் உள்ள இருந்து பூவை நெனைக்கும்.”

“ஊதான்னா எப்படிங்க இருக்கும்? கத்திரிக்கா மாதிரியா?”

“சேச்சே. மழை விட்டதும் தூரத்து மலை ஒரு நிறமா நிக்குமில்லைங்க? அது.” அவர் அதை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் சொல்லும்போது பார்த்துக்கொண்டே சொல்வார்.

மார்கழியில் ஒரு நாள் ஒண்டிக்கடை முக்கு டீக்கடையில் இருவரும் நின்றிருந்தோம். கம்பவுண்டர் டம்ளரை வைத்துவிட்டு நெஞ்சைப் பொத்திக்கொண்டார். கடைக்காரர் சிரித்தார். “என்னங்க கம்பவுண்டரே, மறுபடியும் மொளைக்குதுங்களா?” கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். சட்டைப் பையில் ஒன்றுமில்லை. அந்தக் குளிரில் அவர் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

ஆம்புலன்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதும், ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டுச் சொன்னார்: “ஊதாவுக்குத் தண்ணி அதிகமா ஊத்திராதீங்க.”

சேலத்தில் ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரியும், அதன் பிறகு தங்கை வீடுமாக நாற்பது நாள் கீழேயே இருக்க வேண்டும் என்றார்கள். அவர் போனில் பேச அனுமதி கிடைத்த அன்று காலையில்தான் காட்டெருமை வந்தது. எனக்கும் நினைவிருந்தது. சால்வையைச் சரிசெய்துகொண்டு, “ஏனுங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் போங்களேன்” என்றேன். அது என்னை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு ஏழு ஊதாவையும் தின்றது. கொசுவலையிலும் பாதியைத் தின்றது.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் வந்தது. குரல் நூல்போல இருந்தது. “ஊதா எப்படிங்க இருக்குது?”

“நல்லா இருக்குங்க” என்றேன்.

மறுநாள் புது இலை விட்டது என்றேன். அதற்கடுத்த வாரம் நடுவில் கடுகளவு ஏதோ தெரிகிறது என்றேன். மூன்றாம் வாரம் பூவே வைத்துவிட்டது. எத்தனை குருத்து என்று கேட்பார். கணக்கு டீச்சர் அல்லவா, தினமும் சரியாகக் கூட்டிச் சொன்னேன். இல்லாத இலையில் இல்லாத பனித்துளி நின்றதைக்கூடச் சொன்னேன். நாளுக்கு நாள் அவர் குரல் தடித்துக்கொண்டே வந்தது. எப்படி நிறுத்துவது?

தை கடைசியில் திரும்பி வந்தார். பாதி ஆளாகியிருந்தார். வீட்டுக்குள்கூட நுழையாமல் நேராகத் தோட்டத்துக்குப் போனார். ஏழு மொட்டைத் தண்டுகள். ஈரத்தில் பதிந்து காய்ந்துபோன குளம்படிகள். அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த சமாதானத்தை ஆரம்பித்தேன்.

“கம்பவுண்டரய்யா, நான் வந்து...”

“தெரியுங்க டீச்சர். பாதிக் குளிர்கூடப் போகலை, அதுக்குள்ள எந்த ஊதாங்க பூக்கும்?”

“அப்புறம் ஏனுங்க தினமும் கேட்டீங்க?”

கிணற்று மேட்டில் மெதுவாக உட்கார்ந்தார். “கட்டில்ல படுத்துக்கிட்டு நாள் பூரா மேல கூரையப் பாத்துக்கிட்டே கெடக்கணுமுங்க. நீங்க சொன்ன செடி அங்க நொம்ப நல்லா வளந்துச்சுங்க. அந்த நெறம், அடடா!” கண்ணை மூடிக்கொண்டார். “நேத்து பதினொரு குருத்துன்னீங்க. இன்னைக்கு எத்தனைங்க?”

பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து தண்டுகளை மூடியது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பன்னெண்டுங்க” என்றேன்.

போன மாதம் என்னைச் சமவெளிக்கே மாற்றுவதாகச் சொல்லி ஒரு படிவம் கொடுத்தார்கள். வேண்டாம் என்று எழுதினேன். காரணம் எழுத விட்டிருந்த இடம் சின்னது. கம்பவுண்டர் அதில் அடங்க மாட்டார். அதனால் ‘இந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொண்டது’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.