அர்க்கியம் விடாத மத்தியானம்

மட்டாஞ்சேரி,
1981, மேட மாதம்

சிரஞ்சீவி மாப்பிள்ளை வெங்கடேஸ்வரனுக்கு, மாமனார் ராமபத்ரன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் மிளகு கிட்டங்கி நெடியில் தும்மிக்கொண்டு சௌக்கியம். அமெரிக்காவில் நீங்களும் கங்காவும் தும்மாமல் சௌக்கியமாக இருக்க வேண்டியது.

உங்கள் தந்தி இன்று கிடைத்தது. சூரியனில் பெரிய வெடிப்பு, ஆகாசத்தில் சுற்றும் உங்கள் யந்திரம் காமாக் கதிரைப் பிடித்துவிட்டது, வேலை நிலைத்தது என்று கேட்டதும் உங்கள் மாமியார் பால்பாயசம் வைத்தாள். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. அந்த வெடிப்பை உண்டாக்கினது நானாக்கும்.

சிரிக்க வேண்டாம். போன ஓணத்துக்கு வந்தபோது நீங்கள்தானே சொன்னீர்கள்: வெடிப்பு நேரத்தில் சூரியனில் இருக்கும் புரோட்டான், எலெக்ட்ரான் எல்லாம் யாரோ பிடித்துத் தள்ளின மாதிரி கண்மூடித் திறப்பதற்குள் பாய்கின்றன, அவை போய் மோதுவதற்குச் சாட்சிதான் காமாக் கதிர், ஆனால் தள்ளுவது எது என்று இன்னும் பிடிபடவில்லை என்று. எனக்குப் பிடிபட்டிருந்தது. பெண்ணைக் கொடுத்த இடம் என்று வாயை மூடிக்கொண்டேன். மந்தேகர் என்ற அரக்கர்கள் நாள்தோறும் சூரியனைத் தாக்க வருகிறார்கள், தள்ளுவது அவர்கள்தான்; சந்தியாவந்தனத்தில் நாம் கையில் ஏந்தி விடும் அர்க்கியத் தண்ணீர்தான் வஜ்ஜிரமாகப் போய் அவர்களை அடிக்கிறது. பூணூல் போட்ட நாள் முதல் நான் ஒரு வேளைகூட முடக்கினதில்லை. வெலிங்டன் தீவில் ஆபீஸ் போன காலத்தில்கூட மத்தியானம் காயல் பக்கம் போய் அர்க்கியம் விட்ட பிறகுதான் சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பேன்.

அப்படி இருக்கையில் கங்காவிடமிருந்து கடிதம்: "அப்பா, சூரியன் ஒரேயடியா சாதுவா இருக்கு. இந்த மாசத்துக்குள்ள பெரிசா ஒண்ணு வெடிக்கல்லேன்னா இவருக்கு வேலை போயிடும். பகவானை வேண்டிக்கோங்கோ." எந்தப் பகவானை? சூரிய பகவானுக்கு அடி விழட்டும் என்று அவரிடமே எப்படி வேண்டுவது? தலையே போனாலும் அர்க்கியம் முடக்குவதில்லை என்று தீர்மானம் பண்ணிக்கொண்டு மறுநாள் மத்தியானம் குளித்துவிட்டு முற்றத்தில் நின்றேன். கை நிறையத் தண்ணீர் எடுத்தேன். கங்கா முகம் ஞாபகம் வந்ததோ என்னமோ, அதைத் திரும்பப் பாத்திரத்திலேயே ஊற்றிவிட்டேன். அந்த க்ஷணம், உள்ளே சிலோன் ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு பாதி வார்த்தையில் நின்றது. எதிர்ச் சாயாக்கடை ரேடியோவும் நின்றது. "எந்தா சேட்டா, கரண்டு போயோ?" என்று யாரோ கேட்டான். கரண்ட் எங்கே போயிற்று, ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறதே! சூரியன் வெடித்தால் சிற்றலை ரேடியோ அடைத்துப்போகும் என்று சொன்னதும் நீங்கள்தான். தெரு முழுக்க ஊமை, இரைச்சல்கூட இல்லை. தலைக்கு நேர் மேலே வெயில், காலடியில் என் நிழலைக் காணோம். காக்கைகள் கூரையில் வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தன, ஒன்றும் கத்தவில்லை. பாத்திரத்தைக் கீழே போட்டேன், மாப்பிள்ளை. அவ்வளவு பயம் எனக்கு எப்போதும் வந்ததில்லை.

அன்று சாயங்காலமே பிராயச்சித்தம் பண்ணி, பழையபடி ஆரம்பித்துவிட்டேன். இனி உங்களுக்கு இன்னொரு வெடிப்பு வேண்டுமென்றால் வேறு மாமனாரைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கங்காவுக்கும் உங்களுக்கும் தீர்க்காயுசு. சூரியனுக்கும்.

இப்படிக்கு,
ராமபத்ரன்

பி.கு.: கவரை ஒட்டுமுன் உங்கள் மாமியார் இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "சூரியன்லேந்து எதுவும் இங்க வந்து சேர எட்டு நிமிஷமாவது ஆகும்னு மாப்பிள்ளை சொன்னாரே, மறந்துட்டேளா? நீங்க தண்ணியைத் திருப்பி ஊத்தறச்சே அது வெடிச்சு எட்டு நிமிஷம் ஆயாச்சு. உங்களால ஒண்ணும் ஆகல்லை. பேசாம பாயசம் சாப்பிடுங்கோ" என்றாள். வாஸ்தவம்தான். பாரம் இறங்கிற்று, ரெண்டு டம்ளர் பாயசமும் இறங்கிற்று. ஆனால் எட்டு நிமிஷம் முன்னால் நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன், அர்க்கியம் விட்டே தீருவது என்ற தீர்மானத்தோடு. நான் அர்க்கியம் விடமாட்டேன் என்று எனக்கு முன்னால் அங்கே சூரியனில் தெரிந்திருக்கிறது. புரோட்டானைப் பிடித்துத் தள்ளுவது எது என்று கண்டுபிடித்தால், முற்றத்தில் என் கையைப் பிடித்தது எது என்றும் சேர்த்து எழுத வேண்டியது.