பதிவில் ஏறாத நுண்ணோக்கி

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்த களைப்பில் மனித குலம் பல ஆயிரம் ஆண்டுகள் சும்மா இருந்தது. பிறகு சோம்பல் முறித்து எழுந்து 'கைகோர்ப்போம்' என்ற இணையதளத்தைக் கண்டுபிடித்தது. அக்கம்பக்கத்து நான்கு பள்ளிகள் தங்களிடம் இருப்பதை ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கி உயர்வதற்கான தளம். திறப்பு விழாவில் கல்வி அதிகாரி பொத்தானை அழுத்தியதும் திரையில் இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டன. மேடையில் இருந்த நான்கு தலைமையாசிரியர்களும் கைகுலுக்க மறந்துவிட்டார்கள். அதற்குத்தான் திரை இருக்கிறதே!

அன்றைக்கே இன்னொரு நற்காரியமும் நடந்தது. அந்த நான்கில் இரண்டு பள்ளிகளுக்கு நடுவே இருந்த மதிலில் ஒரு சின்னக் கதவு உண்டு. பதினைந்து வருடமாக சாக்பீஸ், வரைபடம், கேள்வித்தாள், வம்பு எல்லாம் அதன் வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தன. தளம் வந்தபின் கதவு எதற்கு? பெரிய பூட்டாகப் பார்த்துப் போட்டார்கள்.

இந்த மகத்தான முன்னேற்றத்துக்குக் குறுக்கே வந்து நின்றவர் அந்த இரண்டில் ஒரு பள்ளியின் உயிரியல் டீச்சர். அவரிடம் பன்னிரண்டாம் வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரு நுண்ணோக்கியும் இருந்தார்கள். நுண்ணோக்கியின் லென்சில் பூஞ்சை பிடித்து நான்கு வருடம் ஆகிறது. இலையை வைத்தாலும் பூஞ்சை தெரியும், ஈயின் இறக்கையை வைத்தாலும் பூஞ்சை தெரியும். செய்முறைத் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். தேர்வு மையம் பக்கத்துப் பள்ளி. அங்கே ஆறு புத்தம் புதிய நுண்ணோக்கிகள். தொட்டே பார்த்திராத கருவியின் முன்னால் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்தினால், எந்தக் கண்ணை மூடுவது என்பதிலேயே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

அந்த ஆறும் இருந்த அலமாரியின் சாவி பக்கத்துப் பள்ளி உயிரியல் டீச்சரிடம் இருந்தது. அவர் வேறு யாருமில்லை, நம் டீச்சரின் சொந்த நாத்தனார். ஒரே வீடு, ஒரே சமையலறை, ஒரே பாடம். ஒரு நாள் காலையில் டீச்சர் அவரிடம் கேட்டுப் பார்த்தார்.

"ஒரே ஒரு மைக்ரோஸ்கோப் குடேன்மா. ரெண்டு பீரியட்தான்."

"எனக்கென்ன கசக்குதா அண்ணி? எங்க ஹெச்.எம். கறாரா சொல்லிட்டார். தளத்துல பதியாம ஒரு குண்டூசிகூட வெளியே போகக் கூடாதாம். உங்க ஹெச்.எம்.மை 'பெறுக'ன்னு இருக்குற பட்டனை அழுத்தச் சொல்லுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்."

டீச்சரின் கணவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் இருபது வருடம் குப்பை கொட்டியவர் அவர்.

அன்று காலையே டீச்சர் தலைமையாசிரியர் அறைக்குள் போனார். 'பெறுக' என்ற சொல்லைக் கேட்டதும் தலைமையாசிரியருக்கு முகம் வெளிறிவிட்டது.

"டீச்சர், முதல்ல உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம் சார்."

"அப்ப நான் குடிச்சுக்கறேன்."

குடித்துவிட்டுக் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். தளத்தின் உயிர்நாடியே தரவரிசைப் பட்டியல்தான். ஒரு பொருளைக் கொடுக்க முன்வந்தால் ஒரு புள்ளி. ஒரு பொருளைப் பெற்றுக்கொண்டால் 'தன்னிறைவுக் குறைபாடு' என்று ஐந்து புள்ளி வெட்டு.

"நாமதான் ஃபர்ஸ்ட். பக்கத்து ஸ்கூலுக்கும் நமக்கும் மூணே மூணு புள்ளி. இந்த நேரத்துல போய் வாங்கணும்கிறீங்களே! நாம கொடுக்குற ஸ்கூல் டீச்சர். வாங்குற ஸ்கூல் இல்ல."

"அப்படி என்ன சார் கொடுத்திருக்கோம்?"

அவர் பெருமையுடன் பட்டியலை உருட்டினார். கயிறு இழுக்கும் போட்டிக்கான கயிறு, ஒன்று. விழா மேடை, ஒன்று (சிமென்ட்டால் கட்டியது, எடுத்துச் செல்ல இயலாது). தலைமையாசிரியரின் ஊக்க உரை, நாற்பது நிமிடம். நாற்பத்தாறாவது வரியில் டீச்சரின் கண் குத்திட்டு நின்றது.

"சார்! நம்ம மைக்ரோஸ்கோப்பையும் போட்டிருக்கீங்களே! அதுல பூஞ்சை சார்!"

"மறைக்கலையே. 'உயிருள்ள மாதிரியுடன்'னு தெளிவா போட்டிருக்கேன்."

மற்ற மூன்று பள்ளிகளும் சளைத்தவை அல்ல. ஒன்பது மாதத்தில் தளத்தில் கொடுக்க முன்வந்த பொருட்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. பெற்றுக்கொள்ளப்பட்டவை பூஜ்யம். உலகத்தில் வள்ளல்கள் மட்டுமே வாழ்ந்த காலம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

"பிள்ளைங்க மார்க் போயிடும் சார்."

"பள்ளியோட மார்க் போயிடுமேம்மா!" என்றார் அவர். குரல் உண்மையிலேயே தழுதழுத்தது.

டீச்சர் இரண்டு வாரத்தில் நான்கு தரம் போய்க் கேட்டார். நான்கு தரமும் அவர் தண்ணீர் குடித்தார். நான்காம் தரம் கேட்ட அன்று டீச்சர் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அத்தனையும் ஆத்திரம். நாத்தனார் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை மதியம் நாத்தனார் பள்ளியிலிருந்து வந்து, தோள்பையை இரண்டு கையாலும் இறக்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். ணங்கென்று சத்தம் கேட்டது.

"என்னது இது?"

"டிபன் பாக்ஸ்."

"இவ்வளவு கனமா?"

"நான் நல்லா சாப்பிடுவேன் அண்ணி. திங்கக்கிழமை காலையில அலமாரிக்குப் போயாகணும். பிள்ளைங்களை வரச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை இருபத்தெட்டுப் பேரும் ஏழு ஏழு பேராக வந்தார்கள். கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வெங்காயம் உரித்தார். அதன் மெல்லிய தோலை எடுத்துக் கண்ணாடித் துண்டில் விரிக்க நாத்தனார் சொல்லிக்கொடுத்தார். வகுப்பில் வாயே திறக்காததால் 'ஊமைக்கோட்டான்' என்று பெயர் வாங்கிய பெண் ஒருத்தி, குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். பார்த்தவள் நிமிரவே இல்லை.

"டீச்சர், செங்கல் அடுக்கின மாதிரி இருக்கு! இது அத்தனையும் வெங்காயத்துக்குள்ளயா இருந்துச்சு? தினம் நறுக்கறேனே, எனக்குத் தெரியவே இல்லையே!"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை நாள் நாயாய் அலைந்தோம் என்று டீச்சருக்கு இருந்தது. கணவருக்கும் மனசு நிறைந்துவிட்டது. நிறைந்தவர் சும்மா இருக்கக் கூடாதா? இரண்டு டீச்சர்களும், பிள்ளைகளும், மேசை மேல் நுண்ணோக்கியும் தெரிய ஒரு படம் எடுத்து, 'எங்கள் வீட்டு ஆய்வகம்' என்று சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டார். சொந்தக்காரர்கள் ஊரெல்லாம் பரிமாறினார்கள்.

செய்முறைத் தேர்வில் இருபத்தெட்டுப் பேரும் பிழையில்லாமல் செய்தார்கள். அது பெரிய செய்தி இல்லை. பெரிய செய்தி, இரண்டு டீச்சர்களுக்கும் வந்த மெமோ. 'தளத்தில் பதிவு செய்யாமலும், புள்ளிகள் வழங்கப்படாமலும், தன்னிச்சையாக ஒத்துழைத்தமைக்கு' ஏழு நாளில் விளக்கம் கேட்டிருந்தார்கள்.

அதே வாரம் 'கைகோர்ப்போம்' தளத்துக்கு மாநில விருது கிடைத்தது. விழாவில் காட்ட, பள்ளிகள் ஒன்றுக்கொன்று உதவிக்கொண்டதற்கு ஒரு புகைப்படம் அனுப்பும்படி மேலிடம் கேட்டது. நான்கு தலைமையாசிரியர்களும் வலைவீசித் தேடினார்கள். உலகத்திலேயே அப்படி ஒரு படம்தான் இருந்தது. விழா மேடையில் பன்னிரண்டு அடி உயரத்துக்கு அந்தச் சாப்பாட்டு மேசை ஒளிர்ந்தது. கைதட்டல் அடங்க மூன்று நிமிடம் பிடித்ததாம்.

படத்தில் இருந்த இருவரும் அப்போது அதே மேசையில் உட்கார்ந்து மெமோவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, நீங்க எழுதறதையே நானும் பார்த்து எழுதிக்கறேனே?"

"வேணாம்மா. அதுவும் ஒத்துழைப்புன்னு இன்னொரு மெமோ வரும்."

டீச்சர் எழுதி அனுப்பிய விளக்கம் இதுதான்:

'மதிப்பிற்குரிய ஐயா, தளம் தொடங்கிய நாள் முதல் நான்கு பள்ளிகளுக்கிடையே கைமாறிய பொருள் ஒரே ஒரு நுண்ணோக்கி. அந்தக் குற்றத்தை நானும் என் நாத்தனாரும் செய்தோம். எங்கள் இருவரைத் தவிர, நான்கு பள்ளிகளிலும் வேறு எவரும், எவருக்கும், எந்த உதவியும் செய்யவில்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.'