மகாராணியும் நானும் பட்டினி

என் மனைவியிடம் ஒரு விஷயத்தை மட்டும் சாகும்வரை சொல்லக்கூடாது என்று தீர்மானம் எடுத்தேன். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் நானாக எடுத்த முதல் தீர்மானம். விஷயம் இதுதான்: எனக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை.

முதலில் கெட்டியானது இறங்கவில்லை. பிறகு எதுவுமே சரியாக இறங்கவில்லை. என் அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவன் நடந்து திரும்பவில்லை. எனக்குப் பயம். வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

நான் தையல்காரன். புருஷன் இளைத்தால் பெண்டாட்டிகள் முதலில் கண்டுபிடிப்பது துணியில்தான். பேண்ட் தொளதொளவென்று தொங்கினால் தீர்ந்தது கதை. அதனால் வாரம் ஒருமுறை கடைத் திரைக்குப் பின்னால் நின்று, என் பேண்ட்டை நானே இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொண்டேன். சட்டையையும் பக்கவாட்டில் பிடித்தேன். மதியச் சாப்பாடு கடைவாசல் நாய்க்கு. நான் இளைக்க இளைக்க அது கொழுத்துக்கொண்டே போனது.

வீட்டில் எனக்கு ஒரே துணை மகாராணி. என் மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபோது கண்ணாடிப் பெட்டியோடு விட்டுப்போன டரான்டுலா சிலந்தி. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் மயிர். என் மனைவிக்கு அதன்மேல் உயிர். அதுவும் இரண்டு மாதமாகச் சாப்பிடவில்லை. கரப்பானை விட்டால் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

"சாப்பிடாம கிடக்கே, ஏதாவது பண்ணக்கூடாதா?" என்றேன், ஆழம் பார்க்க.

"தோல் உரிக்கப் போகுதுங்க. அதுக்கு முன்னாடி வாரக்கணக்கா, மாசக்கணக்காகூடச் சாப்பிடாது. தண்ணி மட்டும் வச்சுட்டு, விட்ட பூச்சியை எடுத்துடணும். இல்லைன்னா உரிக்கிற நேரத்துல பூச்சி இதைக் கடிச்சு வச்சுடும்."

"அப்ப தொந்தரவு பண்ணக்கூடாது."

"கூடவே கூடாது. கிட்டப் போனா உள்ள போய் ஒளிஞ்சுக்கும்."

"மனுஷனும் அப்படித்தான். சில சமயம் பசிக்காது. நச்சரிக்கக்கூடாது."

"நான் எங்க நச்சரிச்சேன்?"

வாஸ்தவம். அவள் நச்சரிக்கவே இல்லை. நான் தட்டில் பாதியை ஒதுக்கினால் பேசாமல் எடுத்துக்கொண்டு போனாள். சமையல்கூட வரவரக் குழைந்துபோய்த்தான் வந்தது. கவனமெல்லாம் சிலந்தி மேல் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், மகாராணி மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே.

அது என்றைக்குச் சாப்பிடுகிறதோ அன்றைக்கு எனக்கும் இறங்கிவிடும் என்று பைத்தியக்காரத்தனமாக நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அது போய்விட்டது. அடுத்தது நான்தான். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன்.

"எதுக்கு அழறீங்க?" அவள் ஈரக் கையோடு வந்தாள்.

"செத்துப்போச்சு."

"சாகல. மல்லாந்து படுத்தா உரிக்குதுன்னு அர்த்தம். சாகப்போறதுன்னா குப்புறக் கிடந்து காலை உள்ள மடக்கிக்கும். பேசாம உட்காருங்க."

உட்கார்ந்தேன். மதியத்துக்குள் பழைய தோலிலிருந்து மகாராணி முழுசாக வெளியே வந்துவிட்டது. வெளுத்து, ஈரமாக, முன்னைவிடப் பெரிதாக. அவள் இடுக்கியால் தோலை எடுத்து மேஜையில் வைத்தாள். இன்னொரு சிலந்தி மாதிரியே இருந்தது.

"பல்லு கெட்டியாக இன்னும் பத்து நாள் ஆகும். அப்புறம் நல்லாச் சாப்பிடும்" என்றாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தியா? எல்லாம் தானா சரியாயிடும்."

அவள் உள்ளே போய் என் கறுப்பு பேண்ட்டை எடுத்து வந்தாள். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, சிலந்தித் தோலுக்குப் பக்கத்தில் விரித்தாள்.

"அது உரிச்சது சின்னது, வெளிய வந்தது பெருசு. அதனால நான் பயப்படல. இதுக்குள்ள இருந்த ஆளு எங்கங்க?"

"துணி கொஞ்சம் தளர்ந்துபோச்சு..."

"நாலு தடவை பிடிச்சிருக்கீங்க. நாலு தடவையும் இஸ்திரி போட்டது நான்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"பெரிய டாக்டர்கிட்ட டோக்கன் கிடைக்க மூணு வாரம் ஆச்சு. முன்னாடியே கேட்டிருந்தா எங்கயாவது போய் ஒளிஞ்சிருப்பீங்க. அதுவரைக்கும் இறங்கட்டுமேன்னு குழைச்சுக் குழைச்சுப் போட்டேன். இதுக்கு மேல குழைக்க முடியாதுங்க." அவள் பேண்ட்டை மடித்து வைத்தாள். "உங்க அண்ணனை நினைச்சுப் பயப்படுறீங்க. எனக்கும் பயம்தான். நாளைக்குக் காலையில போறோம். பொண்ணு பஸ் ஏறிட்டா."

கடைசியாக ஒரு வழி பார்த்தேன். "ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கிட்டுப் போக நல்ல பேண்ட் ஒண்ணும் இல்லையே."

"எதையாவது மாட்டிக்கிட்டு வாங்க. அங்க குடுக்குற அங்கிக்கு இடுப்பே கிடையாதாம்."