கியரின்மேல் இருந்த கை

“கைய எடு மாப்ள, கைய எடு!”

புதுச்சேரி உப்பளத்து வீட்டு வாசலை விட்டு வண்டி இருநூறு அடிகூட நகரவில்லை. அதற்குள் தெயோ இரண்டாம் முறையாகக் கத்திவிட்டார். ஜோனத்தான் திடுக்கிட்டு, கியர்க் கம்பியின்மேல் வைத்திருந்த தம் இடக்கையைச் சட்டென்று எடுத்தார்.

தெயோ, ஜோனத்தானுடைய அக்காள் பொலினின் கணவர், இருபதாண்டுகளாகப் பாரிஸ்வாசி. ஆண்டுக்கொருமுறை விடுமுறையில் வருவார். வந்தால் எதையேனும் திருத்தாமல் திரும்பமாட்டார். சென்ற ஆண்டு வீட்டின் மின்கம்பிகளைத் திருத்தினார். மூன்று நாள் மின்விசிறி சுற்றவில்லை. இவ்வாண்டு, அதாவது 2005இல், அவருடைய பார்வை மாமனார் ஆலேன் விட்டுச்சென்ற வெள்ளைக் காரின்மேல் விழுந்தது.

“இது வண்டி இல்ல, இரும்பு. நான் பிளேன் ஏறதுக்குள்ள தள்ளிவுட்டுடணும்” என்பது அவர்தம் கட்டளை. பொலினும் தலையாட்டிவிட்டாள். ஜோனத்தான் மன்றாடியதில் ஒரே ஒரு சலுகை கிடைத்தது. வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போய்த் திரும்பும்வரை வண்டி வழியில் படுக்காமல் ஓடினால், வீட்டிலேயே இருக்கலாம். படுத்தால் மறுநாளே காயலான் கடை.

அந்தக் கை அங்கே போய் அமர்ந்ததற்கு ஜோனத்தான்மேல் குற்றம் சொல்ல இயலாது. ஆலேன் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். ஞாயிறுதோறும் பூசை முடிந்தபின் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஒரு சுற்றுச் சுற்றிவருவார். வலக்கை ஸ்டியரிங்கில், இடக்கை கியரின்மேல், பிள்ளையின் தலையில் வைத்தாற்போல். முழங்கைவரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. மணிக்கட்டில் தோல்வார்க் கடிகாரம். பின்னிருக்கையில் பொலினோடு இடம் பிடிக்கச் சண்டையிட்டபடியே, இரு முன்னிருக்கைகளுக்கும் நடுவே தலையை நீட்டி அந்தக் கையையே பார்த்துக்கொண்டுவந்த சிறுவன், வண்டி ஓட்டுவதென்றால் இவ்வாறுதான் ஓட்டவேண்டும் என்று அன்றே முடிவுசெய்துகொண்டான். பப்பா மறைந்து ஏழாண்டுகள் ஆனபின்பும், அவ்விடத்தில் கை வைத்தால்தான் ஜோனத்தானுக்கு வண்டி ஓட்டுவதாகவே தோன்றும்.

“கியர்மேல கைய வச்சா அந்த பாரம் நேரா உள்ள எறங்கும். உள்ள ஒரு ஃபோர்க் இருக்குது, அது தேஞ்சி போவும்” என்று தெயோ விளக்கினார். “பிரான்ஸ்ல இப்படி கைய வச்சா, ஓட்டக் கத்துக்குடுக்கறவன் வெரல்லயே போடுவான்.”

பின்னிருக்கையிலிருந்த ஜோனத்தானின் மனைவி மரி-லோர் மரியாதையாகக் கேட்டாள்: “அங்க நீங்க என்னா வண்டி வச்சிருக்கீங்க அண்ணா?”

“எனக்கு எதுக்கும்மா வண்டி? மெத்ரோ ரயிலுதான் இருக்குதே!”

அக்கணமே ‘டக்’ என்றொரு ஓசை. மூன்றாம் கியர் தானாகக் கழன்று வெளியே வந்தது. இழுக்க வேலையற்றுப்போன எஞ்சின் ஊளையிட்டது.

“பாத்தியா? பாத்தியா?” என்று தெயோ துள்ளினார். “நான் சொல்லி வாய மூடல! வருஷக்கணக்கா கைய வச்சி வச்சி மாமாதான் கெடுத்துட்டுப் போயிருக்காரு.”

“பப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க மச்சான். அவரு கைப்பட்டு கெட்ட பொருளே கெடையாது.”

“கெட்டதுதான் கண்ணு முன்னாடி நிக்குதே!”

ஜோனத்தானுக்கு வண்டி போய்விடும் என்ற கவலை ஒருபுறமிருக்க, பப்பாவின் பெயரும் அதனோடு காயலான் கடைக்குப் போய்விடும்போல் இருந்தது. இனிமேல் கியரைத் தொடுவதில்லை என்று உறுதிபூண்டு, இரு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுகப் பற்றினார். பயன், நூறு அடிக்கு ஒருமுறை ‘டக்’. ஒவ்வொரு முறையும் இடக்கை தானாகக் கீழே ஓடும். தெயோ அதன்மேல் ஓர் அடி போடுவார்.

பின்னால் வந்த ஆட்டோக்காரர் பொறுமையிழந்து எட்டிப்பார்த்தார். “என்னா சார், வண்டி ஓட்றீங்களா, இல்ல ரெண்டு பேரும் கோலாட்டம் ஆடறீங்களா?”

மரி-லோருக்கு ஒரு வழி தோன்றியது. “என்னாங்க, அந்த கைக்கி ஒரு வேல குடுத்தா சும்மா இருக்கும்” என்று சொல்லித் தன் செபமாலையைக் கணவரின் இடக்கையில் சுற்றிவிட்டாள். ஒரு நிமிடம் எல்லாம் நலமாகவே நடந்தது. மீண்டும் ‘டக்’. பதறிப் பாய்ந்த கையோடு மாலையும் பாய்ந்து கியர்க் கம்பியைச் சுற்றிக்கொண்டது. இழுத்த இழுப்பில் நூல் அறுந்தது. மணிகள் சிதறி உருண்டன. அவற்றுள் ஒரு கொத்து, பிரேக் மிதிக்கு அடியில் போய்த் தங்கியது.

“மரி! பிரேக்கு எறங்க மாட்டேங்குது!”

“நிக்காமதான போவுது? அண்ணா அதான கேட்டாங்க!” என்று அலறினாள் அவள்.

“மோன் தியே! கடவுளே! நிறுத்து மாப்ள! நிறுத்தித் தொல!” என்று தெயோ கண்களை மூடிக்கொண்டார்.

ஜோனத்தான் கைப்பிரேக்கை இழுக்க, வண்டி சாலையோரத்து மணல் குவியலில் மூக்கை நுழைத்து நின்றது. தெயோ கீழே இறங்கிச் சட்டையை உதறினார்; மணிகளைப் பொறுக்கி மரி-லோரிடம் கொடுத்தார்.

“எறங்கு. நான் ஓட்டிக் காட்டறேன். கைய வைக்காம எப்படி ஓட்றதுன்னு பாத்துக்கோ.”

அவரும் கை வைக்காமல்தான் ஓட்டினார். கியரும் அவருக்கென்று மரியாதை காட்டவில்லை. ஐந்தாம் முறை கழன்றதும், “மூணாவது வேணாம், ரெண்டாவதே போதும்” என்று அறிவித்தார். இரண்டாம் கியரிலேயே முழுவேகத்தில் முறுக்கிக்கொண்டு போனதில், ரெட்டியார்பாளையத்தை எட்டும்போது வண்டியின் முன்புறத்திலிருந்து வெண்புகை கிளம்பிற்று. பாவாடையின் பட்டறைக்கு முன்பாக, ஒரு பெருமூச்சோடு அது படுத்துவிட்டது.

“முடிஞ்சிது” என்றார் தெயோ, சற்றே மகிழ்ச்சியோடு.

பாவாடை, ஆலேன் காலந்தொட்டு அந்த வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக். வயது எழுபதைத் தொட்டிருந்தது. அவர் எஞ்சின் மூடியைத் திறந்து ஆறவைத்தார். நிதானமாகத் தண்ணீர் ஊற்றினார். ஜோனத்தான் அவரருகே சென்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“பாவாடண்ணே, மூணாவது கியரு நிக்க மாட்டேங்குது. எப்பவும் கைய அதுமேலயே வச்சிருப்பேன். கெடுத்தது நான்தான? எங்க பப்பா இல்லல்ல?”

“அவன் பழிய ஏத்துக்கறான்பா, நல்ல புள்ள” என்றார் தெயோ. “மாமாவும் அப்படித்தான் ஓட்டுனாரு. ரெண்டு பேருமே சேந்து கெடுத்ததுதான்.”

“இல்ல மச்சான். நான்தான். எழுதி வேணுமின்னாலும் குடுக்கறேன். வண்டிய எடுத்துக்கினு போங்க. அவர மட்டும் விட்டுடுங்க.”

மரி-லோர் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். தெயோவும் வேறுபக்கம் பார்த்தார்.

பாவாடை கையைத் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். “ஏறுங்க எல்லாரும்.”

வண்டி கிளம்பியது. முதல் கியர், இரண்டாம் கியர், மூன்றாம் கியர். பள்ளம் வந்தது, வேகத்தடை வந்தது, ‘டக்’ ஓசை வரவேயில்லை. சன்னல்வழியே காற்று சீறிப் புகுந்தது. வில்லியனூர்ச் சாலையில் வண்டி, பழைய ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடியதைப்போலவே ஓடியது. ஜோனத்தான் பின்னிருக்கையிலிருந்து, இரு முன்னிருக்கைகளுக்கும் நடுவே தலையை நீட்டிப் பார்த்தார். தெயோவும் அப்போதுதான் பார்த்தார். பாவாடையின் இடக்கை கியரின்மேல் அசையாது அமர்ந்திருந்தது.

“யோவ்! நீயுமா? மொதல்ல கைய எடுய்யா!”

பாவாடை கையை எடுக்கவில்லை. சாலையிலிருந்து பார்வையையும் எடுக்கவில்லை.

“எடுத்தா கழண்டுக்கும் சார், எழுவத்தெட்டாம் வருஷத்துலயே போன கியரு இது, பிரிச்சி சரிபண்ண ஒரு மாசம் ஆவும்னு சொன்னேன், ‘ஒரு மாசமா? ஞாயித்துக்கெழமையில புள்ளைங்க ஏமாந்து போவும்டா, வுடு, நான் கையாலயே புடிச்சிக்கறேன்’னு சொன்னாரு ஒங்க மாமனாரு.”