ஏழாம் எண் கட்டுரைக்கு நான் போட்ட ஐந்து மார்க்

பெரம்பலூர்,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய திருமழபாடி வைத்திலிங்கம் மாமா அவர்களுக்கு, உங்கள் மச்சினன் மதுரைவீரன் எழுதிக்கொள்வது.

நடந்தது இதுதான். உங்கள் மகள் மணிமொழியின் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு இருபதுக்கு ஐந்து போட்ட ஆள் நான். அந்த ஐந்து தப்பு. சரியான மார்க் இருபதுக்கு இருபது. நேற்று மத்தியானம் அதைத் திருத்தி, மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, பல்கலைக்கழகத்துக்கு ஏற்றியும் ஆகிவிட்டது. இதைப் படித்ததும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

இங்கு நானும் வீட்டிலும் சுகம். அங்கு உங்கள் முட்டிவலி, அக்காவின் சர்க்கரை, கொள்ளிடத்துக் காற்று எல்லாம் ஓரளவில் இருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்து ரெண்டு நிமிஷம் ஆவதற்குள் "சரி சரி, வையி" என்று நீங்களே வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி நடுவில் வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும்.

மணிமொழி படிக்கிற கல்லூரியில் வணிகவியல் துறையில் முத்தமிழ்செல்வன் என்று ஒரு சார். நம் மண்டியில்தான் வீட்டுக்கு வெங்காயம் வாங்குவார். போன மாதம் வந்து, கடைசி வருஷப் பிள்ளைகள் இந்த வட்டாரத் தொழில்களைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள், வெளியிலிருந்து ஒரு தொழில் நிபுணர் மார்க் போட வேண்டும், நீங்கள்தான் போட வேண்டும் என்றார். சார், நான் எட்டாவது, அதிலும் பெயில் என்றேன். "சைக்கிள்ல வெங்காயம் வித்து மண்டி வச்சவர் நீங்க. நீங்க நிபுணர் இல்லைன்னா வேற யாருங்க?" என்றார். மனுஷனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும், ஒத்துக்கொண்டேன். பதினாறு கட்டுரை, பெயர் கிடையாது, எண் மட்டும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார், நானும் சொல்லவில்லை. மணிமொழி வேறு செக்‌ஷன் என்றுதான் நினைத்திருந்தேன். அதையும் கேட்கவில்லை. கேட்காதது அது ஒன்று மட்டும் இல்லை, வரிசையாகச் சொல்கிறேன்.

கட்டுரைகளோடு ரூப்ரிக் என்று ஒரு தாள் கொடுத்தார். எதைப் பார்த்து எத்தனை மார்க் போட வேண்டும் என்பதற்கான கட்டங்கள். கேள்வி தெளிவாக இருக்கிறதா, தகவல் நேரில் திரட்டியதா, ஆதாரம் இருக்கிறதா, அலசல் இருக்கிறதா, எழுத்து நன்றாக இருக்கிறதா என்று கீழே கீழே ஐந்து வரிசை. பக்கவாட்டில் நான்கு கட்டம். இடது ஓரக் கட்டத்தில் "மிகத் தெளிவு", அடுத்து "போதிய தெளிவு", அடுத்து "ஓரளவு தெளிவு", கடைசியில் "தெளிவில்லை". கட்டங்களுக்கு மேலே எண் போட்டிருந்த வரி ஜெராக்ஸில் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. சார் எல்லாவற்றையும் விளக்கினார். அவர் விளக்கிய நேரத்தில் வேப்பந்தட்டையிலிருந்து மக்காச்சோள லோடு வண்டி டயர் வெடித்து நிற்பதாக டிரைவர் போன். ஒரு காதில் டயர், ஒரு காதில் ரூப்ரிக். "புரிஞ்சுதுங்களா?" என்று சார் கேட்டார். புரிந்தது என்று டிரைவருக்கும் அவருக்கும் சேர்த்துச் சொன்னேன். ஒன்றிலிருந்து நான்குக்குள் போட வேண்டும் என்பது மட்டும் தலையில் நின்றது.

நம் தொழிலில் ஒன்று என்றால் உச்சம், மாமா. ஒன்றாம் ரகம் சென்னைக்குப் போகும், இரண்டாம் ரகம் திருச்சிக்கு, மூன்றாம் ரகம் ஓட்டலுக்கு, நான்காம் ரகம் கேட்கிற ஆள் இருந்தால் உண்டு. இடது ஓரம் நல்லது, அது முதல் கட்டம், முதல் கட்டம் ஒன்று. முப்பது வருஷமாக நான் வேறு மாதிரி எண்ணியதில்லை. பிரமாதமான கட்டுரைக்கு வரிசைக்கு ஒன்று போட்டேன். குப்பைக்கு வரிசைக்கு நான்கு போட்டேன். கூட்டுவது ஆபீஸ் வேலை என்று சொல்லியிருந்தார்கள், அதனால் கூட்டவும் இல்லை.

மற்றபடி வேலையில் நான் குறை வைக்கவில்லை. மூட்டையின் வாயைப் பிரித்துப் பார்த்து எவனும் சரக்கு எடுக்க மாட்டான், நடுவில் ஊசி குத்திச் சாம்பிள் எடுக்க வேண்டும். கட்டுரையையும் அப்படித்தான் முதலில் ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து படித்தேன். முதல் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் நன்றாகத்தான் எழுதுகின்றன. ஒன்பதாம் பக்கம் போனால்தான் தெரிகிறது. அரியலூர் சிமெண்ட் லாரிகளைப் பற்றிய பன்னிரண்டாம் எண் கட்டுரையில் ஒன்பதாம் பக்கமும் நான்காம் பக்கமும் பதினான்காம் பக்கமும் ஒரே பக்கம். குறிப்பு எழுதுகிற இடத்தில் "மேலாக மட்டும் நல்ல சரக்கு" என்று எழுதி, வரிசைக்கு நான்கு போட்டு மூடினேன். ஏழாம் எண் கட்டுரை சின்ன வெங்காய வியாபாரத்தைப் பற்றியது. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு அட்டவணை. மூட்டைக்குக் கழிவு என்று விவசாயியின் எடையில் வியாபாரிகள் எத்தனை கிலோ பிடிக்கிறார்கள், உண்மையில் அழுகல் எவ்வளவு என்று நாற்பது மூட்டையைப் பிரித்துக் கொட்டி எடை போட்டிருக்கிறது அந்தப் பிள்ளை. அரை கிலோ அழுகலுக்கு இரண்டு கிலோ பிடிக்கிற ஒரு மண்டியைத் தனியாகக் காட்டியிருந்தது. பெயர் இல்லை. வாசலில் வேப்பமரமும் பச்சைப் பெயிண்ட் அடித்த எடை மேடையும் உள்ள மண்டி என்று இருந்தது. நான் எழுந்து போய் என் எடை மேடையைப் பார்த்துவிட்டு வந்தேன். கோபம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கில் ஒரு கிராம் தப்பில்லை. ஐந்து வரிசைக்கும் ஒன்று போட்டு, குறிப்பில் "முதல் தரம். இந்தப் பிள்ளையை மண்டிக்குள் விடக் கூடாது" என்று எழுதினேன். சனிக்கிழமை தோறும் மாமாவுக்கு ஒத்தாசை என்று மணிமொழி வந்து உட்கார்ந்திருந்தது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை அக்கா போன் செய்து அழுதது. "வீரா, எவனோ வெளியாளாம்டா, புள்ளைக்கு இருவதுக்கு அஞ்சு போட்டுட்டானாம். எட்டு வந்தாத்தான் பாஸாம். உங்க மாமாகிட்ட எப்புடிச் சொல்லுவேன்? அவன் நல்லாருப்பானா?" என்றது. நான் யாருக்கும் ஐந்து போட்டதாக ஞாபகம் இல்லாததால் சேர்ந்து திட்டினேன். "அவனுக்கெல்லாம் எவங்க்கா பேப்பரைக் குடுத்தது, படிக்கத் தெரியாத பய" என்றேன். "நீ ஒருத்தன்தான்டா எங்களுக்கு இருக்க" என்று அக்கா மூக்கைச் சிந்தியது.

நேற்றுக் காலை ரஞ்சித்குமார் என்று ஒரு பையன் லட்டுப் பெட்டியோடு மண்டிக்கு வந்தான்.

"ஐயா, நீங்கதான் மார்க் போட்டதுன்னு கேள்விப்பட்டேங்க. அம்மா குடுத்துட்டு வரச் சொல்லுச்சு."

"எந்தக் கட்டுரை தம்பி?" என்று ஒரு லட்டை எடுத்துக் கடித்தேன்.

"பன்னெண்டுங்க. சிமெண்ட் லாரி."

"ஒரே பக்கம் மூணு தடவை வருமே, அதுவா?"

"பாத்துட்டீங்களா?" என்று தலையைச் சொறிந்தான்.

"பாத்துத்தானப்பா நாலு போட்டேன்."

"அதாங்க. அஞ்சு நாலு இருவது. கிளாஸ்லயே நான்தான் ஃபர்ஸ்ட். நானே நம்பலைங்க."

"அப்ப ஒண்ணு போட்டா?"

"ஒண்ணு போட்டா பெயிலுங்க. ஏழாம் நம்பர் புள்ளைக்கு அஞ்சு வரிசையும் ஒண்ணு. நல்லாப் படிக்கிற புள்ளைங்க. ஹாஸ்டல்ல ரெண்டு நாளா சாப்புடலையாம்."

கடித்த லட்டைப் பெட்டியிலேயே திருப்பி வைத்தேன். வேப்பமரமும் சனிக்கிழமையும் அக்காவின் அழுகையும் ஒன்றாகச் சேர்ந்து வந்து உட்கார்ந்தன. வண்டியை எடுத்து அந்தப் பையனையே பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். வழி நெடுக, அவனுடைய இருபது ஐந்தாகப் போகிறது என்பதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். துறைமங்கலம் தாண்டியதும் சொன்னேன். பின்னாலிருந்து அவன், "லட்டு வாங்காம இருந்திருக்கலாம்" என்றான்.

முத்தமிழ்செல்வன் சார் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். "சார், பதினாறையும் தலைகீழாப் போட்டுட்டேன்" என்றேன். அவர் தாள்களை எடுத்துப் புரட்டினார். "எனக்கும் ஒரு மாதிரியாத்தாங்க இருந்துச்சு. இவருக்குப் பிடிக்கிறதே வேற மாதிரி இருக்கேன்னு நெனைச்சேன்" என்றார்.

"நெனைச்சா ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா சார்?"

"நிபுணர் கருத்தாச்சேன்னு விட்டுட்டேங்க. நீங்களாவது கேட்டிருக்கலாமே?"

"கேட்டா ஒண்ணும் தெரியாதவன்னு நெனைச்சுடுவீங்களேன்னு விட்டுட்டேன்."

சார் எலுமிச்சைச் சாத டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். பிறகு, பல்கலைக்கழகத்துக்கு ஏற்றியாகிவிட்டதா என்று கேட்டேன். இல்லை, மறுநாள்தான் கடைசி நாள் என்றார். மாமா, அந்த நாற்காலியில் அப்போதுதான் முழுசாக உட்கார்ந்தேன். போட்டதையெல்லாம் ஐந்திலிருந்து கழித்தால் சரியாகிவிடும், ஒன்று நான்காகும், நான்கு ஒன்றாகும் என்றார் சார். அப்படியே ஏழாம் எண்ணுக்கு உரிய பெயரைப் பார்த்தார். மணிமொழி, தகப்பனார் வைத்திலிங்கம், திருமழபாடி. அது என் அக்கா மகள் என்று நானே சொன்னேன். மறைத்துப் பிறகு தெரிந்தால் இன்னும் வம்பு. சார் பேனாவை மூடிவிட்டார். "இப்ப மாத்துனா அக்கா பொண்ணுக்காக மாத்துனார்னு சொல்லுவாங்களேங்க" என்றார். துறைத் தலைவர் அம்மாவும் இன்னொரு சாரும் வந்தார்கள், அவர்களும் அதையே சொன்னார்கள். நேர்மையாக ஒரு தப்புச் செய்துவிட்டு, அதைத் திருத்தப் போனால் திருட்டுத்தனம் ஆகிவிடும் போலிருந்தது.

கடைசியில் காப்பாற்றியது என் குறிப்புகள்தான். பதினாறையும் அந்த அம்மா வரிசையாக வாசித்தார். பன்னிரண்டாம் எண்ணுக்குக் குறிப்பு "மேலாக மட்டும் நல்ல சரக்கு", மார்க் இருபது. ஏழாம் எண்ணுக்குக் குறிப்பு "முதல் தரம்", மார்க் ஐந்து. பிறகு ஒன்பதாம் பக்கத்து அட்டவணையைக் கேட்டார்கள். "இந்த வேப்பமரம் யாருடையது?" என்றார் அம்மா. "என்னுதுங்க" என்றேன். தன் மானத்தை வாங்குகிற கட்டுரைக்கு எந்த மாமனும் சலுகை காட்ட மாட்டான் என்று அவரே சொல்லி முதல் கையெழுத்தைப் போட்டார். ரஞ்சித்குமாருக்குத் திருப்பி எழுத ஒரு வாரம் கொடுத்திருக்கிறார்கள். லாரி டிரைவர்களை நேரில் கேட்டு எழுத நம் மண்டியில் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன். எத்தனை பக்கம் வந்தாலும் ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் என்று சொல்லி அனுப்பினேன்.

மணிமொழியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கண் வீங்கி வந்து நின்றது.

"மாமா, நீங்களா?"

"நான்தான்."

"அந்த டேபிளைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"பேரு போடலையே மாமா."

"பேரைப் போடாம வேப்பமரத்தை எதுக்குப் போட்ட?"

"எடத்தைத் தெளிவாக் குறிக்கணும்னு ரூப்ரிக்ல இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே சிரித்தது. எதிரில் இருந்த கேன்டீனில் நான்கு இட்லி சாப்பிட வைத்துவிட்டுத்தான் வந்தேன். கழிவை இந்த வாரத்திலிருந்து மூட்டைக்கு ஒரு கிலோவாகக் குறைத்துவிட்டேன். அரை கிலோவுக்கு வர இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

இப்போது உங்களிடம் கேட்பது. மணிமொழி மேற்கொண்டு திருச்சியில் எம்.காம். படிக்க ஆசைப்படுவதும், ஆவணியில் அதன் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று நீங்கள் நினைப்பதும் எனக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்தபோது, "மார்க் வரட்டும், பாத்து முடிவு பண்ணிக்கலாம்" என்றீர்கள். மார்க் வந்துவிட்டது. இருபதுக்கு இருபது, அதுவும் சொந்த மாமனைப் பற்றி எழுதி வாங்கியது. திங்கட்கிழமை கேட்ட ஐந்தை மனதில் வைத்துப் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். என் தப்புக்கு அந்தப் பிள்ளை வீட்டில் உட்காரக் கூடாது. இத்தனை பக்கமும் அதற்காகத்தான் எழுதினேன்.

அக்காவிடம், அவன் நல்லாருப்பானா என்று கேட்டதற்கு, அவன் நன்றாகத்தான் இருக்கிறான், கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது என்று சொல்லவும். திருமழபாடி வைத்தியநாதர் உங்கள் எல்லோரையும், முட்டிவலி உட்பட, பார்த்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
பணிவுள்ள மச்சினன்,
மதுரைவீரன்.

பின்குறிப்பு: இதை மடித்து உறையில் போடும்போது அக்கா போன் செய்தது. மார்க் திருந்திய சந்தோஷத்தைச் சொன்னேன். "ஐயோ, அவருகிட்ட சொல்லித் தொலைச்சுடாதடா" என்றது. "அவரு திங்கக்கெழமையே திருச்சி காலேஜ் அப்ளிகேஷன்ல கையெழுத்துப் போட்டுப் பணமும் கட்டிட்டாரு. அஞ்சு மார்க்கை வச்சுக்கிட்டு எந்த வூட்டுல போயி எம்பொண்ணு படிச்சிருக்குன்னு சொல்றது, இதைத் திருப்பி எழுதிப் பாஸாயிட்டு, இன்னும் ரெண்டு வருஷம் படிச்சு உருப்படியா மார்க் வாங்கட்டும்னுட்டாரு. இருவது வாங்கியிருந்தா இத்தோட போதும், ஆவணியில முடிச்சுடலாம்னு இருந்தாராம்." ஆகவே, மேலே நான் எழுதிய அத்தனையும் காரியத்தைக் கெடுக்கிற எழுத்து. கிழித்துப் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அடுத்த மாதம் மார்க் ஷீட் உங்கள் கைக்கு வரத்தான் போகிறது, அன்றைக்கு நான் மறைத்தேன் என்று ஆகக் கூடாது. அதனால் அப்படியே அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டுப் பணமும் கட்டிய பிறகு, சரக்கு சொன்னதைவிட நன்றாக இருக்கிறது என்று எந்த மண்டியிலும் பேரத்தை முறிப்பதில்லை. உங்களைக் கேட்காமலே அக்காவும் நானும் போனில் பேசி முடித்தது இதுதான்: திருச்சியில் இரண்டு வருஷம், கல்லூரிக் கட்டணம் நீங்கள், விடுதிக் கட்டணம் நான், மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு கடைசிப் பரீட்சைக்கு மறுநாள் காலை.