அழிந்துபோன கோட்டின் மேல் நான் நின்ற விவகாரம்

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நான், உங்கள் மனைவி, பேத்தி மூவரும் சுகம். நானும் உங்கள் மனைவியும் பேசிக்கொள்வதில்லை என்பதைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை. கப்பலில் உங்களுக்கு நல்ல சாப்பாடும் கலங்காத கடலும் அமைய வேண்டுகிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் என் கார் சாவியைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

நடந்தது இதுதான். பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். திமிங்கிலம் எப்படித் தூங்கும் என்று அவள் கேட்டாள். நான் பதிலைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவும் அம்மாள் ‘நில்’ என்ற பலகையைத் தூக்கிக்கொண்டு நடுச்சாலைக்கு வந்தார். பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது, அதை யாரும் மறுக்கவில்லை. நின்ற இடம்தான் வம்பாகிவிட்டது. அந்த அம்மாளின் பலகை என் பக்கவாட்டுக் கண்ணாடியில் மாட்டிக்கொள்ள, அவர் அந்தப் பக்கம் இழுக்க, நான் உதவி செய்வதாக நினைத்து இந்தப் பக்கம் இழுக்க, பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடிக்க, எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த போக்குவரத்துக் காவலர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

“பெரியவரே, கோட்டுக்கு முன்னாடி நிக்கணும்னு தெரியாதா?”

“எந்தக் கோடுங்க?” என்றேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். அவர் அதை நக்கல் என்று எடுத்துக்கொண்டு அபராதச் சீட்டை நீட்டிவிட்டார்.

வீட்டில் உங்கள் மனைவி சீட்டைப் பார்த்தாள். “இனிமே பாப்பாவை நீங்க கூட்டிட்டுப் போக வேண்டாம்ப்பா. ஆபீஸ் போற வழியில நானே விட்டுடறேன்” என்றாள். திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன், மாப்பிள்ளை. ஓய்வு பெற்ற பிறகு என்னை ஒரு ஆளாக மதித்து யாராவது கேள்வி கேட்பது அந்தக் காலை நேரத்தில் மட்டும்தான். அதனால் வழக்காடுவது என்று முடிவெடுத்தேன்.

ஆயுள் முழுக்கக் கட்டட வரைபடம் போட்டவன் சும்மா இருப்பேனா? அளவுநாடாவை எடுத்துக்கொண்டு, வெயிலுக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு நடந்தே போய், பள்ளிக்கூட வாசலில் குந்தி உட்கார்ந்து சாலையை அளந்தேன். கோடு இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்புத் தூள் மாதிரி ஏதோ இருந்தது, அவ்வளவுதான். தலைக்கு மேல் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அதே அம்மாள், அதே பலகை.

“ஒரு வழியா வந்துட்டீங்களா சார்? உங்க ரோடு ஆபீசுக்கு எத்தனை தடவை வந்து சொல்றது? கோடு அழிஞ்சு போச்சு, எங்க நிக்கிறதுன்னு வண்டிக்காரங்களுக்கே தெரியல. அன்னிக்கு ஒரு பெரியவர் என் பலகையையே இழுத்துட்டுப் போகப் பார்த்தாரு. பாவம், அந்த மனுஷனுக்கு அபராதம் வேற போட்டுட்டாங்க.”

‘பாவம்’ என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்து, கண்ணாடியைக் கழற்றினேன். “அந்தப் பாவம் நான்தாம்மா.”

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு அளவுநாடாவைப் பார்த்தார். “அப்போ கோடு போட யாரும் வரலையா?” என்றார். அந்தக் குரல் என்னை என்னவோ செய்துவிட்டது. நான் என் சாவிக்காகக் குந்தியிருந்தேன், அவரோ அத்தனை பிள்ளைகளுக்காகவும் காத்திருந்திருக்கிறார். கோட்டைப் பற்றியும் சேர்த்துச் சொல்வதாக நான் ஒப்புக்கொண்டேன், சாட்சி சொல்ல வருவதாக அவர் ஒப்புக்கொண்டார்.

கோர்ட்டில் என் வரைபடத்தை விரித்தேன். அது மேசையில் அடங்காமல் குமாஸ்தாவின் மடியில் விழுந்தது. நீதிபதி அதை எட்டிப் பார்த்துவிட்டு, “கோடு தெரியலைங்கறீங்க, சரி. இந்த அம்மா தெரிஞ்சாங்களா?” என்றார். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

“தெரிஞ்சாங்க ஐயா. அவங்களைப் பார்த்துதான் நின்னேன். கொஞ்சம் தள்ளி நின்னுட்டேன், அது என் தப்புதான்.”

நீதிபதி அந்த அம்மாளிடம், “பயந்துட்டீங்களா?” என்று கேட்டார்.

“பயந்தேங்க. ஆனா நிக்காம போறவங்களத்தான் தினமும் பாக்கறேன். இவரு நின்னாரு. அப்புறம் திரும்ப வந்து ரோட்டுல உக்காந்து அளந்தாரு. வேற யாரும் வரலைங்க.”

அபராதம் ரத்தாகிவிட்டது. எனக்கு ஓர் எச்சரிக்கை, சாலைத் துறைக்கு ஓர் உத்தரவு. நேற்று கோடு போட்டுவிட்டார்கள். பல் விளக்கியது போல் பளிச்சென்று இருக்கிறது. அந்த அம்மாள் அதன் ஓரமாக நடந்து நடந்து பார்க்கிறார்.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள் மனைவி நீங்கள் சொன்னால் கேட்பாள். போனில் பேசும்போது சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவும். நான் சொல்லித்தான் சொல்கிறீர்கள் என்பது தெரிய வேண்டாம். எல்லா நலமும் பெற்று, கரையில் கால் வைத்ததும் நேரே வீட்டுக்கு வந்து சேர வாழ்த்தும்,

உங்கள் மாமனார்

பி.கு.: உறையில் போடுவதற்கு முன் உங்கள் மகள் வந்து, கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னாள். கேட்டு முடித்துவிட்டு, “கார் வேண்டாம் தாத்தா. கார்ல போனா நாமதான் நிக்கணும். நடந்து போனா நமக்காக எல்லாரும் நிப்பாங்க” என்றாள். இனி நடந்தே போவதாக நாங்கள் இருவரும் முடிவு செய்துவிட்டோம். எனவே என் மகளிடம் நீங்கள் எதுவும் பேச வேண்டாம். வரும்போது எனக்கு ஒரு ஜோடி நல்ல ஷூ மட்டும் வாங்கி வரவும்.